பர்மனன்ட் லிஸ்ட்டில் உங்கள் பெயர் இல்லையா? 480 நாள் கணக்கிலிருந்து லேபர் ஆபீஸ் வரை

பட்டியலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான் ஒட்டுவார்கள். ஏ ஷிஃப்ட் வெளியே வரும், பி ஷிஃப்ட் உள்ளே போகும், இரண்டு கூட்டமும் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் முண்டியடிக்கும். உங்களோடு ஒரே நாளில் சேர்ந்தவர் பெயர் இருக்கும். நீங்கள் மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்த பையன் பெயர்கூட இருக்கும். உங்கள் பெயர் மட்டும் இருக்காது.

ஒரகடம் பக்கம் ஒரு பாகங்கள் தயாரிக்கும் ஆலையில் ஆறு வருஷம் டெம்பரரியாக இருந்தவன் நான். அந்த போர்டுக்கு முன்னால் மூன்று தடவை நின்றிருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "அண்ணா, நான் பொம்பளைங்கறதால விட்டுட்டாங்க", "நான் இன்ன ஊர்க்காரன், அதான்", "சங்கத்துல பேர் கொடுத்தேன், அதான்." பெரும்பாலும் அவர்கள் சந்தேகம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் முதலில் அதைக் கேட்பதில்லை. "எத்தனை நாள் வேலை பார்த்திருக்கீங்க?" என்றுதான் கேட்பேன்.

ஏனென்றால் இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. "எனக்கு நிரந்தரம் கிடைத்தாக வேண்டுமா?" என்பது ஒன்று. "என்னை ஏன் ஒதுக்கினார்கள்?" என்பது இன்னொன்று. மனதை அறுப்பது இரண்டாவது. சட்டத்தில் பிடிமானம் அதிகம் உள்ளது முதலாவது. மேலாளர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்று நிரூபிப்பது கஷ்டம்; 480 நாள் வேலை செய்ததை நிரூபிப்பது அதைவிடச் சுலபம். அதனால் இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது. தமிழ்நாட்டுத் தனியார் ஆலை, கடை, நிறுவனம் ஆகியவற்றில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. அரசுத் துறைக்காரர்களுக்குத் தனியாக ஒரு பகுதி பின்னால் வருகிறது.

முதல் படி: நீங்கள் எந்த ரோலில், அதாவது யாருடைய ஊழியர் பட்டியலில், இருக்கிறீர்கள்?

இதைத் தெரியாமலே நாலு வருஷம் வேலை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐ.டி. கார்டில் ஆலையின் பெயர் பெரிதாக இருக்கும், கீழே பொடி எழுத்தில் ஒரு கான்ட்ராக்டர் பெயர் இருக்கும். சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், வேலையில் சேர்ந்தபோது கொடுத்த கடிதம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளம் தருவது யார், பி.எஃப். கட்டுவது யார், ஆர்டர் கொடுத்தது யார்?

மூன்றிலும் கம்பெனி பெயரே இருந்தால் நீங்கள் கம்பெனி ரோலில் உள்ள டெம்பரரி. உங்கள் வழிதான் நேரானது.

கான்ட்ராக்டர் பெயர் இருந்தால் நீங்கள் சி.எல்., அதாவது கான்ட்ராக்ட் லேபர். இங்கே பாதை வளைகிறது. ஒப்பந்தத் தொழிலாளியை முதன்மை நிறுவனம் தானாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என 2001இல் செயில் என்ற அரசு உருக்கு நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் அதே தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. கான்ட்ராக்ட் என்பது வெறும் பெயரளவுக்குத்தான், வேலை வாங்குவதும் லீவு கொடுப்பதும் தண்டிப்பதும் கம்பெனிதான் என்று காட்ட முடிந்தால், அந்த ஒப்பந்தமே கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயம் முடிவு செய்யலாம். அதனால் சி.எல். ஆக இருப்பவர்கள் ஒன்றை இன்றிலிருந்தே குறித்து வையுங்கள்: உங்களுக்கு லீவு தந்தது யார், ஷிஃப்ட் போட்டது யார், திட்டினது யார்? எல்லாவற்றுக்கும் கம்பெனி சூப்பர்வைசர் பெயர்தான் வருகிறது என்றால் அது பெரிய சாட்சி.

அப்ரன்டிஸ் என்றால், 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டம் உங்களைத் தொழிலாளியாகவே பார்ப்பதில்லை. ஆனால் 'டிரெய்னி' என்ற பெயர் வேறு. முறையான பயிற்சி ஒப்பந்தம் எதுவும் பதிவாகாமல், மூன்று ஷிஃப்ட்டிலும் டார்கெட் கொடுத்து உற்பத்தி வேலை வாங்கிக்கொண்டு, கடிதத்தில் மட்டும் டிரெய்னி என்று எழுதியிருந்தால், அந்தப் பெயரை வைத்து விஷயம் முடிந்துவிடாது. என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

கடிதத்தில் முடிவுத் தேதி போட்டிருந்தால் குறிப்பிட்ட கால ஒப்பந்த வேலை. மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள சம்பளமும் சலுகைகளும் உங்களுக்கும் உண்டு, ஒரு வருஷம் முடித்தாலே பணிக்கொடையும் உண்டு. ஆனால் காலம் முடிந்ததும் நிரந்தரம் செய்தாக வேண்டும் என்று அந்தத் தொகுப்பு சொல்லவில்லை. இந்த வகைக்காரர்கள் ஒரு வக்கீலிடம் கடிதத்தைக் காட்டிவிட்டு மேலே போவது நல்லது.

இரண்டாம் படி: நாள் கணக்கு

தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் என்று தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சட்டம் 1981இல் வந்தது. விஷயம் எளிது: 24 காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர் பணி முடித்தவரை நிரந்தரமாக்க வேண்டும். 'ஆக்கலாம்' என்று சட்டம் சொல்லவில்லை, 'வேண்டும்' என்கிறது. மதிப்பெண், இன்டர்வியூ, மேலாளர் பரிந்துரை எதையும் அது கேட்கவில்லை. தொழிற்சாலை, தோட்டம், மோட்டார் போக்குவரத்து நிறுவனம், கடை எனப் பல இடங்களுக்குப் பொருந்தும். கட்டடம், பாலம், சாலை போடும் வேலைகளுக்குப் பொருந்தாது, பருவகாலத் தொழிலுக்கும் பொருந்தாது. உங்கள் நிறுவனம் இதன் வரம்புக்குள் வருகிறதா என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகு, "அதெல்லாம் போயிடுச்சுப்பா, 480 நாளெல்லாம் இப்ப கிடையாது" என்று ஹெச்.ஆரில் சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். அந்தத் தொகுப்புகள் ரத்து செய்தது மத்தியச் சட்டங்களை. இது மாநிலச் சட்டம். அந்தப் பட்டியலில் இது இல்லை.

சரி, எப்படி எண்ணுவது? நான் பார்த்ததிலேயே நல்ல கணக்கு ஒரு தங்கச்சி கொண்டுவந்தது. அசெம்பிளி லைனில் வேலை. மடித்து ரப்பர் பேண்ட் போட்ட மூன்று வருஷத்து மாதக் காலண்டர்கள், மளிகைக் கடையில் கொடுத்தவை. ஒவ்வொரு கட்டத்திலும் நீலப் பேனாவில் ஏ, பி, இல்லாவிட்டால் ஆஃப். அதே கட்டத்துக்குள் பால் பாக்கெட் எண்ணிக்கையும் சிலிண்டர் புக் பண்ணிய தேதியும் இருந்தன. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று மாமியாருக்குத் தெரிவதற்காகக் குறித்து வைத்த காலண்டர் அது. கேஸ் போடும் எண்ணமெல்லாம் அப்போது அவருக்கு இல்லை.

அவர் தானாக எண்ணியதில் 466 வந்தது. 14 நாள் குறைகிறதே என்று அழாத குறை. நான் கேட்டேன், "தீபாவளி, பொங்கல், ஆகஸ்ட் 15 எல்லாம் சேர்த்தியாம்மா?" இல்லை, போகாத நாளை எப்படிச் சேர்ப்பது என்று விட்டுவிட்டார். தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கு வருஷத்துக்கு 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு 5 பண்டிகை நாள்கள். இரண்டு வருஷத்துக்கு 18. அதில் மூன்று அவரை வேலை தராமல் 'பிரேக்' என்று வீட்டுக்கு அனுப்பிய நாள்களில் விழுந்துவிட்டது. மீதி 15. 466ம் 15ம் 481.

சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாள்களும் வேலை செய்த நாள் கணக்கில் சேரும் என்று 1985இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தாரா என்பது பற்றிய வழக்கு. இங்கேயும் அதே வாதத்தை வைக்கிறோம். மாதச் சம்பளக்காரர்களாக இருந்தால் வார விடுமுறையையும் சேர்த்து வாதாடலாம். இந்தத் தங்கச்சிக்குத் தினக்கூலி, வார விடுமுறைக்குச் சம்பளம் இல்லை, அதனால் அதைத் தொடவில்லை. சம்பளத்தோடு எடுத்த ஈட்டிய விடுப்பு, வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்த நாள், வேலை இல்லை என்று நிர்வாகம் நிறுத்திவைத்த லே-ஆஃப் நாள், குறிப்பிட்ட வரம்பு வரை மகப்பேறு விடுப்பு ஆகியவற்றையும் விடாதீர்கள். பெரும்பாலானவர்கள் கணக்கில் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம் இந்த பிரேக். ஐந்து மாசம் வேலை, பிறகு 20, 25 நாள் "வீட்டுல இரு, கூப்பிடறோம்". 480ஐ எட்டக் கூடாது என்பதற்கான பழைய தந்திரம். தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்ற இடைவெளி தொடர் பணியை அறுக்காது. அந்த நாள்கள் எண்ணிக்கையில் சேராது, அவ்வளவுதான். முன்னால் வேலை செய்த நாள்கள் அழிந்துபோகாது. 24 மாதம் என்பதையும் ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. உங்களுக்குச் சாதகமான 24 மாதத்தை நீங்கள் தேர்ந்தெடுத்து எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் படி: காகிதம் சேர்ப்பது

இத்தனை நாள் வேலை செய்தேன் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2005இல் வந்த இன்னொரு தீர்ப்பு கொஞ்சம் இளகியது: மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு நிர்வாகத்தின் கையில் இருக்கும்போது, அதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லித் தொழிலாளி கேட்கலாம். ஆனாலும் நம் கையில் ஏதாவது இருந்தால்தான் கேட்பதற்கே பலம்.

இ.எஸ்.ஐ. தான் தங்கச் சுரங்கம். உங்களுக்காக மாதாமாதம் கட்டும்போது எத்தனை நாளுக்குச் சம்பளம் என்பதையும் நிர்வாகமே எழுதித் தருகிறது. கம்பெனி மாறினாலும் உங்கள் காப்பீட்டு எண் மாறாது. பி.எஃப். பக்கத்தில் யு.ஏ.என். என்ற உங்கள் பொதுக் கணக்கு எண் ஒன்றாக இருக்கும், ஆனால் பிரேக் முடிந்து ஒவ்வொரு தடவை திரும்பச் சேர்க்கும்போதும் புது மெம்பர் ஐ.டி. போட்டிருந்தால், சர்வீஸ் ஹிஸ்டரியில் சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, மறுபடி சேர்ந்த தேதி என்று வரிசையாக நிற்கும். பிரேக் என்ற தந்திரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒரு பிரின்ட்டும் எடுத்து வையுங்கள்.

இவற்றோடு வங்கிக் கணக்கு விவரம், ஷிஃப்ட் போடும் வாட்ஸ்அப் குழு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், பழைய ஐ.டி. கார்டு. கார்டைப் புதுப்பிக்கும்போது பழையதை வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன்னால் வீட்டில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைக்குள் வேண்டாம். கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் போனை உள்ளே விடுகிறார்கள். அதைப் பிரித்து ஹெச்.ஆர். பைலைப் படம் எடுத்து மாட்டிக்கொண்டால், உங்கள் வழக்கு போய் அவர்கள் உங்கள் மேல் போடும் வழக்காகிவிடும்.

நான்காம் படி: இது பாகுபாடுதானா?

இப்போதுதான் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். ஒரு நோட்டில் கோடு போட்டு, உங்களோடு ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள் பெயரை எழுதுங்கள். சேர்ந்த மாதம், படிப்பு, எந்த லைன், எந்த மெஷின், மெமோ வாங்கியிருக்கிறாரா, அதிகம் லீவு போட்டவரா, நிரந்தர ஆர்டர் வந்ததா. கடைசிக் கட்டத்தில் நீங்கள் சந்தேகப்படும் காரணம்: ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனவரா, சங்கத்தில் இருப்பவரா, மாற்றுத்திறனாளியா.

அந்தத் தங்கச்சியின் நோட்டில் 11 பேர். ஐந்து பேருக்கு ஆர்டர் வந்திருந்தது, ஐந்தும் ஆண்கள். வராத ஆறு பேரில் நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். அந்த இரண்டு ஆண்களும் அடிக்கடி லீவு போட்டவர்கள். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு ஒரு மெமோகூட இல்லை. ஆர்டர் வாங்கிய ஐந்தில் ஒருவர் இவரிடம் வேலை பழகியவர், நாள் கணக்கில் இவரைவிடக் குறைவு. இது ஒன்றே தீர்ப்பாகிவிடாது. ஆனால் "சும்மா தோணுது" என்ற நிலையிலிருந்து "இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

இந்த நோட்டு உங்களுக்கு எதிராகவும் பேசலாம். இரண்டு பேருக்கு நான் எழுதிப் பார்த்துவிட்டு, "தம்பி, உன்னைவிட நாள் அதிகமுள்ளவங்களுக்குத்தான் கொடுத்திருக்காங்க, நீ பாகுபாடுன்னு எழுதாதே, நாள் கணக்கை மட்டும் கேளு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பொய்க் குற்றச்சாட்டு ஒன்று இருந்தால் உண்மைக் கோரிக்கையும் அடிபடும்.

காரணத்தைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது. பெண் என்பதால் என்றால் 1976ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம் வேலையில் எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாட்டைத் தடுத்தது. இப்போது அந்த இடத்தில் ஊதியத் தொகுப்பு இருக்கிறது. 2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்தபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் அந்த 1976 சட்டத்தைச் சுட்டித்தான் தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம், திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கின்றன. இவை தனியார் நிறுவனங்களையும் தொடும். "நான் சொல்றபடி நடந்துக்கிட்டா பர்மனன்ட் பண்றேன்" என்று ஒருவர் சொன்னால் அது பாலியல் துன்புறுத்தல்; 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கம்பெனிக்குள் இருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுங்கள்.

சாதி, மதம் என்றால் கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். தனியார் துறையில் அதற்காக வேலை மறுப்பதை நேரடியாகப் பிடிக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதி சொல்லித் திட்டியிருந்தாலோ, வேலை வாய்ப்பை மறுத்துப் பொருளாதாரப் புறக்கணிப்பு செய்திருந்தாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு ஆயுதமும் இருக்கிறது. நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகள் என்று ஒரு பட்டியல் 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது, புதிய தொழிலுறவுத் தொகுப்புக்கும் அது வந்திருக்கிறது. அதில் மூன்று இனங்கள் நமக்கு முக்கியம்: தகுதியைப் பார்க்காமல் ஒரு சாராருக்குச் சலுகை காட்டுவது, நிரந்தரச் சலுகைகளைத் தராமலிருப்பதற்காகவே ஆட்களைப் பதிலியாகவும் தற்காலிகமாகவும் வருஷக்கணக்கில் வைத்திருப்பது, சங்கத்தில் இருப்பதற்காகப் பாகுபாடு காட்டுவது. ஆக, காரணம் சாதியோ பாலினமோ இல்லை, மேனேஜரின் மச்சினனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றாலும் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: எழுதிக் கேளுங்கள்

ஹெச்.ஆர். அறைக்குப் போய் வாயால் கேட்டால் "அடுத்த லிஸ்ட்டுல பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். எனக்கு அது மூன்று தடவை வந்தது. ஒரு பக்கக் கடிதம் போதும். கோபம் இருக்கக் கூடாது, சட்டப் பிரிவுகளைக் கொட்டவும் வேண்டாம். நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மனிதவள மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் 2022 ஜூன் மாதம் முதல் தங்கள் தொழிற்சாலையின் அசெம்பிளி பிரிவில் பணிபுரிந்து வருகிறேன். 2022 ஜூன் முதல் 2024 மே வரையிலான 24 மாதங்களில், சம்பளத்துடன் கூடிய விடுமுறைகள் உட்பட 481 நாள்கள் பணி முடித்துள்ளேன். மாதவாரியான விவரம் இணைத்துள்ளேன். அண்மையில் ஒட்டப்பட்ட நிரந்தரப் பட்டியலில் என் பெயர் இல்லை. என் பெயர் சேர்க்கப்படாத காரணத்தையும், தேர்வுக்குப் பின்பற்றிய அளவுகோலையும் எழுத்து மூலம் தெரிவிக்கவும், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எனக்கு நிரந்தரத் தகுதி வழங்கி ஆணையிடவும் கேட்டுக்கொள்கிறேன்."

பாகுபாடு என்ற சொல் இதில் இல்லை, வேண்டுமென்றேதான். முதலில் அவர்கள் வாயிலிருந்து காரணம் வரட்டும். காரணம் எழுத்தில் வந்துவிட்டால் பிறகு அதை மாற்றுவது சுலபமில்லை. "வருகைப் பதிவு திருப்தி இல்லை" என்று எழுதினால், உங்கள் நோட்டிலிருந்து உங்களைவிட அதிக லீவு போட்டவரின் பெயரைக் காட்டலாம். அந்தத் தங்கச்சிக்கு மெயிலில் வந்த பதில் ஒரே வரி: இரவு ஷிஃப்ட்டுக்கு வரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை. அவரிடம் இரவு ஷிஃப்ட்டுக்கு வருவீர்களா என்று யாரும் கேட்டதே இல்லை. பெண்களை இரவு வேலையிலிருந்து தடுத்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வண்டியும் பாதுகாப்பும் ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் வேலை. அந்த ஒரு வரிப் பதில் வந்த பிறகுதான் எங்கள் மனுவில் 'பெண் என்பதால்' என்ற பத்தி சேர்ந்தது.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் கேளுங்கள். தர மாட்டார்கள். அதனால் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டிலேயே கொடுத்ததற்கான ஒப்புகை கேட்டு அனுப்பலாம். ரசீதை மனு நகலின் பின்னால் பின் அடித்து வையுங்கள். ரசீது மை ஆறு மாசத்தில் மங்கிவிடும், அதையும் படம் எடுங்கள்.

ஆறாம் படி: கம்பெனிக்கு உள்ளே

20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் அங்கே மனு கொடுக்கலாம், 30 நாளில் முடிவு வர வேண்டும். வராவிட்டால், அல்லது முடிவு பிடிக்காவிட்டால், 60 நாளுக்குள் சங்கத்தின் மூலமாகத் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போகலாம். பல ஆலைகளில் அந்தக் குழு காகிதத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் மனு கொடுங்கள். குழுவே இல்லை என்பது பிறகு நமக்கு உதவும்.

ஏழாம் படி: வெளியே எந்தக் கதவு?

எல்லாக் கதவையும் ஒரே நாளில் தட்டாதீர்கள். 480 நாள் கோரிக்கைக்குச் சரியான கதவு ஒன்றுதான்: அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள ஆய்வாளர். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம், கடை நிறுவனங்கள் என்றால் தொழிலாளர் துறை அலுவலகம். சட்டத்தின் விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நிர்வாகம் தொழிலாளர் பட்டியல் ஒன்றைப் பராமரிக்க வேண்டும். அதில் தன் பெயர் இல்லை, அல்லது தப்பாக இருக்கிறது என்று தொழிலாளி ஆய்வாளரிடம் முறையிடலாம். அவர் விசாரித்து, பட்டியலைத் திருத்தவோ நிரந்தர ஆணை வழங்கவோ உத்தரவிடலாம். 6ஆவது விதியின் 4ஆவது உட்பிரிவு. மனுவில் அதைக் குறிப்பிட்டால் கவுன்டரில் "இது எங்க வேலை இல்ல" என்று திருப்பி அனுப்புவது குறையும். மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்த வழியில் ஆய்வாளரிடம் ஆணை பெற்றிருக்கிறார்கள், நிர்வாகம் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆகவே ஆணை கிடைத்த அன்றே கதை முடியும் என்று எண்ண வேண்டாம்.

நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை, சலுகை காட்டியது போன்றவற்றுக்குச் சமரச அதிகாரி. இதற்குச் சங்கம் தேவை. வேலையிலிருந்து நீக்கினால் மட்டும்தான் தனி ஆளாகத் தகராறு எழுப்ப முடியும். எந்தச் சங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஆலையில் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்ட சங்கம், நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் பேசுமா டெம்பரரிக்கும் பேசுமா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். அதில் எனக்குச் சூடு பட்ட அனுபவம் உண்டு.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளும் முதல்வரின் முகவரி மனுவும் இருக்கின்றன. அவை உங்கள் மனுவை அதே ஆய்வாளருக்குத்தான் அனுப்பும். ஆய்வாளர் மாசக்கணக்கில் அசையவில்லை என்றால் உந்திவிட அவை உதவும். முதல் வேலையாகப் போக வேண்டிய இடமில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் தனியார் கம்பெனியிடம் கேட்க முடியாது. ஆனால் கம்பெனி அரசு அலுவலகத்தில் கொடுத்த காகிதங்களை அந்த அலுவலகத்திடம் கேட்கலாம்: ஒப்பந்தத் தொழிலாளர் பதிவுச் சான்றிதழ், கான்ட்ராக்டரின் உரிமம், எத்தனை பேருக்கு, எந்த வேலைக்கு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். லோடிங் வேலைக்கு என்று உரிமம் வாங்கிவிட்டு அசெம்பிளி லைனில் ஆள் நிறுத்தியிருப்பது இப்படித்தான் வெளியே வரும்.

வக்கீலுக்குக் காசு இல்லை என்று நின்றுவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இலவச உதவிக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் பெண்கள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகளோடு தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அரசுத் துறையில் இருப்பவர்களுக்கு

உங்கள் கணக்கு வேறு. 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. அதன் பிறகு துறைகள் அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியைத் தளர்த்தியது: மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் துப்புரவு, தோட்ட வேலை செய்தவர்களை நிரந்தரமாக்கச் சொன்னது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையைத் தற்காலிகப் பெயரில் வாங்கிக்கொண்டிருப்பதற்கு உமாதேவி தீர்ப்பைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்பது அதன் சாரம். 2012இல் 5,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களின் பிரச்சினையும் இந்த வகைதான். அதற்கு லேபர் ஆபீஸ் வழி இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும், அதுவும் ஆளாளுக்குப் போடாமல் குழுவாக.

மனு கொடுத்த பிறகு

ஷிஃப்ட் மாற்றுவார்கள், கஷ்டமான லைனில் போடுவார்கள், சின்னத் தப்புக்கு மெமோ வரும். மெமோவுக்குக் கேட்ட நாளுக்குள் பதில் கொடுங்கள், நகல் வையுங்கள். கோபத்தில் வேலைக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். "தானாக நின்றுவிட்டார்" என்று எழுத அது ஒன்று போதும். கேட்டில் நிறுத்தினால் அன்றே, அங்கிருந்தே, "வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று ஹெச்.ஆர். மெயிலுக்கு ஒரு வரி அனுப்புங்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பிரேக்குக்கு அனுப்பும்போது நீட்டும் தாளையும் படியுங்கள். 'சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன்' என்று இருக்கும். அதில்தான் பாதிப் பேர் வழக்கே விழுகிறது. ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காதீர்கள், மனு எழுதுபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஒரே தாளில் ஒரே நாளில் இருபது பேர் 'சொந்தக் காரணத்துக்காக' விலகியிருந்தால் அதற்கும் பதில் இருக்கிறது. நீக்கிவிட்டால் தகராறு எழுப்ப இரண்டு வருஷத்தைத் தாண்ட விடாதீர்கள்.

தங்கச்சியின் மனு இப்போது ஆய்வாளரிடம் விசாரணையில் இருக்கிறது. போன தடவை கம்பெனி தரப்பில் வந்தவர், 2023 மார்ச்சில் நாங்கள் பிரேக் எதுவும் கொடுக்கவில்லை, அவராகத்தான் நின்றார் என்றார். தங்கச்சி பையிலிருந்து காலண்டரை எடுத்து மார்ச் தாளைப் பிரித்தார். 4ஆம் தேதிக் கட்டத்தில் 'பிரேக்' என்றும், 27ஆம் தேதிக் கட்டத்தில் 'சூப்பர்வைசர் போன், நாளைக்கு ஏ ஷிஃப்ட்' என்றும் இருந்தது. நடுவில் இருந்த கட்டங்களில் பால் கணக்கு மட்டும். ஆய்வாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார்.